மழை பெய்தால் மட்டும் லைன் போகிறது: வான்வழி டிராப் கேபிளுக்கு எந்த குளோஷர், எந்த இணைப்பு?

கம்பத்தடி:

வணக்கம். கம்பம் வழியாக ஃபைபர் இழுத்து வீடுகளுக்கு இணைப்பு கொடுக்கும் சின்னக் குழு நாங்கள், மொத்தம் மூன்று பேர். இப்போது 44 வீடுகள் ஓடுகின்றன. அடுத்து 60 வீடு வரை சேர்க்க வேண்டும். அதற்கு முன் பழைய கோளாறைச் சரிசெய்துவிட்டுப் போகலாம் என்று எழுதுகிறேன்.

கம்பத்துக்குக் கம்பம் 12 இழை கேபிள். ஆறு இடத்தில் டோம் குளோஷர் (இணைப்புகளை மூடி வைக்கும் பெட்டி), ஒவ்வொன்றிலும் ஒரு 1:8 ஸ்ப்ளிட்டர் (ஒரு இழையின் ஒளியை எட்டாகப் பிரிப்பது). அதற்கு மேலே 1:4. ஸ்ப்ளிட்டர் கால்களை வீட்டுக்குப் போகும் டிராப் கேபிளோடு குளோஷருக்குள்ளேயே மெக்கானிக்கல் ஸ்ப்ளைஸ் (உருக்காமல் பிடிப்பில் நிற்கும் ஒட்டு) போட்டுச் சேர்த்திருக்கிறோம். சில இடங்களில் ஃபாஸ்ட் கனெக்டர் (அந்த இடத்திலேயே கையால் மாட்டும் முனை). வீட்டு முனையில் எல்லாமே ஃபாஸ்ட் கனெக்டர்தான். டிராப் நீளம் 30 மீட்டரிலிருந்து 120 மீட்டர் வரை.

பிரச்சினை இதுதான். நல்ல மழை பெய்தால் குறிப்பிட்ட சில வீடுகளில் வந்து சேரும் ஒளியின் லெவல் 3 முதல் 6 டிபி (டெசிபெல்) வரை இறங்குகிறது. இரண்டு நாள் வெயில் அடித்தால் தானாக ஏறிவிடுகிறது. ஒரு குளோஷரைத் திறந்தபோது இழைகளைச் சுருட்டி வைக்கும் ட்ரேயின் அடியில் விரல் வைத்தால் ஈரம். இன்னொன்று, புது வீட்டுக்கு இணைப்பு கொடுக்கக் குளோஷரைத் திறந்தால் பக்கத்து வீட்டு லைன் போய்விடுகிறது.

இனி எல்லாவற்றையும் ஃப்யூஷன் ஸ்ப்ளைஸ் (இழைகளை உருக்கி ஒட்டுவது) செய்துவிடலாமா? அல்லது கனெக்டரைச் செருகும் அடாப்டர் வைத்த பெட்டிக்கு மாறலாமா? டோம் நல்லதா, படுக்கை வகை நல்லதா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஸ்ப்ளைசர்_ராணி:

பதில் சொல்வதற்கு முன் மூன்று விஷயம் தெரிய வேண்டும்.

டிராப் கேபிள் தட்டையா, உருண்டையா? அது குளோஷருக்குள் நுழையும் ரப்பர் கிரோமெட்டின் ஓட்டை எந்த வடிவம்? ஒரு குளோஷரை வருடத்துக்கு எத்தனை தடவை திறக்கிறீர்கள்?

கம்பத்தடி:

தட்டைக் கேபிள். உடல் சுமார் 3க்கு 2 மில்லிமீட்டர், கூடவே எடையைத் தாங்கும் எஃகு மெசஞ்சர் கம்பி. குளோஷருக்குள் விடும்போது மெசஞ்சரைப் பிரித்துவிடுகிறோம். கிரோமெட் குளோஷரோடு வந்ததுதான், உருண்டை ஓட்டை. மேலே டேப் சுற்றியிருக்கிறோம்.

திறப்பதற்குக் கணக்கு வைத்ததில்லை, அக்கா. புது இணைப்பு, துண்டிப்பு, கோளாறு எல்லாம் சேர்த்தால் ஒவ்வொன்றையும் மாதம் ஒரு தடவையாவது திறந்திருப்போம்.

மூத்தஇழை:

தம்பி, உங்கள் இரண்டாவது பதிவிலேயே விடை இருக்கிறது. உருண்டை ஓட்டையில் தட்டைக் கேபிள், மாதம் ஒரு தடவை திறப்பு. இந்த இரண்டையும் மாற்றாமல் ஃப்யூஷன் செய்யும் ஸ்ப்ளைசர் வாங்கினாலும் அடுத்த மழைக்கு இங்கேயே வந்து எழுதுவீர்கள்.

முதலில் கிரோமெட். கையில் ஒரு துண்டு தட்டைக் கேபிளை எடுத்து அந்த ஓட்டையில் விட்டு, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். கேபிளின் இரு ஓரமும் ரப்பரைத் தொடும். மேலும் கீழும் பிறை மாதிரி இரண்டு சந்து தெரியும். நட்டை இறுக்கினால் ரப்பர் நசுங்கும், ஆனால் அந்தப் பிறையின் மூலை வரை போகாது. டேப் சுற்றியிருப்பதாகச் சொல்கிறீர்கள். டேப் அடுக்குகளுக்கு நடுவில் நீர் திருகிக்கொண்டு உள்ளே போகும், ஒரு கோடை தாண்டினால் பசையும் இளகிவிடும்.

"லேசான சந்துதானே, பெட்டி கம்பத்தின் மேலே இருக்கிறது, நீரில் மூழ்கவா போகிறது" என்று பலர் நினைக்கிறார்கள். நானும் பல வருடம் அப்படித்தான் நினைத்தேன். கணக்குப் போட்டுப் பார்த்த பிறகுதான் புரிந்தது. வெயிலில் கறுப்புக் குளோஷரின் உள்காற்று 60 டிகிரி வரை போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். விரிந்த காற்று அந்தச் சந்து வழியாக மெல்ல வெளியே போய்விடும். பிற்பகலில் திடீரென்று மழை கொட்டி உள்ளே 25 டிகிரிக்கு இறங்கினால், மிச்சக் காற்றின் அழுத்தம் பத்தில் ஒரு பங்கு குறையும். அதாவது சுமார் 10 கிலோபாஸ்கல். இது ஒரு மீட்டர் ஆழ நீரின் அழுத்தத்துக்குச் சமம். அந்த நேரத்தில் கிரோமெட்டைச் சுற்றி மழைநீர் நிற்கிறது. பெட்டி அதை உறிஞ்சிக் குடிக்கும். அழுத்தம் முழுதாக அந்த அளவுக்கு விழாமல் பாதிதான் விழுந்தாலும், ஒவ்வொரு மழைக்கும் சில சொட்டு உள்ளே போகும். வெளியே வர வழி இல்லை.

அதனால்தான் கம்பத்தின் மேலே இருக்கும் பெட்டிக்கும் நான் ஐபி68 (மூழ்கினாலும் நீர் புகாத தரம்) கேட்பேன். மூடிய பெட்டி என்றால் முழுசாக மூட வேண்டும். இல்லையென்றால் அடியில் வடிகாலோடு மூச்சுவிடும் பெட்டியாக, நீர்த்தாரையை மட்டும் தாங்கும் ஐபி55 ரகமாக, உள்ளே கனெக்டர்களுக்குத் தனிப் பாதுகாப்போடு இருக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் அரைகுறையாக மூடியதுதான் மோசம்.

தட்டைக் கேபிளுக்கென்றே தட்டைப் பிளவு போட்ட கிரோமெட் தனியாகக் கிடைக்கும். அல்லது ஜெல் வகை சீல் உள்ள குளோஷர் எடுங்கள். அந்த மிருதுவான ஜெல் கேபிளின் வடிவத்துக்குத் தானே படியும். மூன்றாவது வழி, வெளிப்புறத்துக்கு உருண்டை டிராப் கேபிளுக்கே மாறிவிடுவது. புது 60 வீட்டுக்கு நான் அதைத்தான் சொல்வேன்.

அப்புறம் திறப்பு. இணைப்பு முறையைத் தேர்ந்தெடுக்க நான் கேட்கும் முதல் கேள்வி "இதை இனி எத்தனை தடவை தொடப்போகிறேன்?" என்பதுதான். ஒரு தடவை செய்து பத்து வருடம் தொடவே வேண்டாம் என்றால் ஃப்யூஷன், அதுவும் சீல் செய்த குளோஷருக்குள். அடிக்கடி கை வைக்க வேண்டும் என்றால் அடாப்டரும் கனெக்டரும், அதுவும் தனிப் பெட்டியில். நீங்கள் இரண்டையும் ஒரே பெட்டிக்குள் வைத்திருக்கிறீர்கள். பக்கத்து வீட்டு லைன் போவது அதனால்தான். புது டிராப்பை உள்ளே தள்ளும்போது பழைய இழை ஏதாவது ஒன்று ட்ரேயின் ஓரத்தில் மடிந்திருக்கும்.

விரைவுக்கை:

ஃபாஸ்ட் கனெக்டரையும் மெக்கானிக்கல் ஸ்ப்ளைஸையும் இங்கே எல்லோரும் திட்டப்போகிறீர்கள் என்று தெரிகிறது, அதனால் இப்போதே எழுதிவிடுகிறேன். நான் பல வருடமாக ஃபாஸ்ட் கனெக்டர் போடுகிறேன். நல்ல கிளீவர் (இழை வெட்டும் கருவி), சுத்தமான கை, அளவுக் குறி சரியாக இருந்தால் லாஸ் (ஒளி இழப்பு) 0.3 டிபிக்குள் வரும். கோளாறு பார்க்கப் போன இடங்களில் நான் பார்த்ததெல்லாம் மழுங்கிய பிளேடு. பேனா வடிவக் கிளீவரால் கீறி ஒடித்துவிட்டு, கனெக்டர் சரியில்லை என்று சொல்வார்கள்.

ஏணியின் மேலே நின்றுகொண்டு, காற்றில் ஸ்ப்ளைசர் மூடியைத் திறந்து வைத்து வேலை செய்வது எல்லோருக்கும் முடியாது. மூன்று பேர் குழுவுக்கு ஒரே ஸ்ப்ளைசர்தான் இருக்கும். இரண்டு இடத்தில் ஒரே நேரம் கோளாறு வந்தால் என்ன செய்வது?

ஸ்ப்ளைசர்_ராணி:

> கோளாறு பார்க்கப் போன இடங்களில் நான் பார்த்ததெல்லாம் மழுங்கிய பிளேடு.

கிளீவ் பற்றிச் சொன்னது முழுக்கச் சரி. வெட்டுக் கோணம் 1 டிகிரிக்குள் இருக்க வேண்டும், அரை டிகிரிக்குள் வந்தால் இன்னும் நல்லது. ஃப்யூஷன் என்றால் ஸ்ப்ளைசரே கோணத்தைப் பார்த்து எச்சரிக்கும். ஃபாஸ்ட் கனெக்டருக்கு உள்ளே பார்க்க வழி இல்லை, அதனால் அங்கேதான் கிளீவ் இன்னும் சுத்தமாக இருக்க வேண்டும்.

ஆனால் போட்ட அன்று 0.3 வந்தது என்பதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. அடுத்த ஏப்ரலில் எவ்வளவு என்பதுதான் கேள்வி. ஃபாஸ்ட் கனெக்டருக்குள் தொழிற்சாலையில் ஒட்டிய சின்ன இழைத்துண்டு ஒன்று இருக்கிறது. அதன் பின்முனையில் நாம் வெட்டிய இழை வந்து முட்டுகிறது. நடுவில் ஒளி தடையில்லாமல் கடக்க இன்டெக்ஸ் ஜெல். இரண்டு கண்ணாடியும் ஒன்றாகவில்லை, ஒரு பிடிப்பில் நிற்கிறது, அவ்வளவுதான். வெயிலில் கேபிள் உறை நீளும், இழை அந்த அளவுக்கு நீளாது, பின்னால் இழுபடும். குளிரில் உறை சுருங்கும், இழை முன்னால் தள்ளும். இது தினமும் நடக்கிறது. வீட்டுக்குள் நாலைந்து டிகிரி ஏற்ற இறக்கத்தில் பிரச்சினை இல்லை. கம்பத்தின் மேலே தகரப் பெட்டிக்குள் நிலைமையே வேறு.

நான் பார்த்த ஒரு வீட்டைச் சொல்கிறேன். காலை ஏழு மணிக்கு மீட்டரில் மைனஸ் 20.4. மதியம் ஒன்றரைக்கு அதே இடத்தில் மைனஸ் 24.1. மாலை மீண்டும் 20க்கு வந்துவிட்டது. வாடிக்கையாளர் "மதியம் மட்டும் நிற்கிறது" என்று சொல்லிக்கொண்டே இருந்தார், யாரும் நம்பவில்லை, ஏனென்றால் குழு போவது எப்போதும் காலையில். கம்பத்துப் பெட்டியில் இருந்த ஃபாஸ்ட் கனெக்டரை வெட்டிவிட்டு பிக்டெயில் (ஒரு முனையில் கனெக்டரோடு வரும் இழைத்துண்டு) ஃப்யூஷன் போட்டோம். அதன் பிறகு நாள் முழுக்க அரை டிபிகூட அசையவில்லை.

எனவே என் வழக்கம்: வீட்டுக்குள் ஃபாஸ்ட் கனெக்டர் வைக்கலாம். வெளியே, வெயில் படும் பெட்டிக்குள் கூடாது. மெக்கானிக்கல் ஸ்ப்ளைஸை அவசரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், இரவில் லைனை எழுப்பிவிட்டு மறுநாள் ஃப்யூஷனாக மாற்றிவிடுங்கள்.

ஒளிக்கணக்கு:

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். லாஸ் பற்றிப் பேசும்போது எண்களைப் பக்கத்தில் வைத்துப் பேசினால் தெளிவாக இருக்கும்.

ஜிபான் (ஒரு இழையைப் பல வீடுகளுக்குப் பிரிக்கும் முறை) பி பிளஸ் ஆப்டிக்ஸ் என்றால் மொத்த பட்ஜெட், அதாவது வழியில் இழக்கக்கூடிய ஒளி, 28 டிபி. கம்பத்தடி சொன்ன அமைப்பில் 1:4 ஸ்ப்ளிட்டருக்கு 7.2 என்றும் 1:8க்கு 10.5 என்றும் வைத்தால் 17.7. ஐந்து கிலோமீட்டர் கேபிள், 1310 நானோமீட்டர் அலைநீளத்தில் கிலோமீட்டருக்கு 0.35 வீதம் 1.75. எட்டு ஃப்யூஷன் தலா 0.05, மொத்தம் 0.4. ஆறு கனெக்டர் தலா 0.3, மொத்தம் 1.8. கூட்டினால் 21.65. கையில் ஆறு டிபிக்கு மேல் மிச்சம்.

ஆக, ஃப்யூஷனுக்கும் ஃபாஸ்ட் கனெக்டருக்கும் உள்ள 0.3 டிபி வித்தியாசத்தால் எந்த வீடும் போகாது. போட்ட அன்றைய எண்ணுக்காக ஃப்யூஷனைத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை, அது அசையாமல் இருக்கும் என்பதற்காகத் தேர்ந்தெடுங்கள். ராணி அக்கா சொன்னதை நான் அப்படித்தான் புரிந்துகொள்கிறேன்.

இன்னொன்று, கனெக்டர் எல்லாம் பச்சைதானே, எஸ்சி ஏபிசி? எங்காவது நீல யுபிசி கலந்திருந்தால் அதை முதலில் பிடுங்குங்கள். ஏபிசியின் முகம் 8 டிகிரி சாய்வு, யுபிசியில் அந்தச் சாய்வு இல்லை. இரண்டும் சேர்ந்தால் நடுவில் காற்றிடைவெளி, பல டிபி போகும், முகமும் கெடும்.

கம்பத்தடி:

எல்லாம் பச்சைதான், சார். கணக்குக்கு நன்றி, இதுவரை யாரும் எனக்கு இப்படி வரிசையாகக் கூட்டிக் காட்டியதில்லை.

மழையில் இறங்குவது கேபிள் மடிப்பாலா, இணைப்பாலா என்று பிரித்துப் பார்க்க முடியுமா?

ஒளிக்கணக்கு:

முடியும். மழை பெய்து லெவல் இறங்கியிருக்கும் அந்த நேரத்திலேயே 1310லும் 1550லும் அளந்து பாருங்கள். இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவு கூடியிருந்தால் கனெக்டர் அல்லது ஸ்ப்ளைஸ். 1550ல் மட்டும் நிறையக் கூடியிருந்தால் இழை எங்கோ மடிந்திருக்கிறது. நீண்ட அலை வளைவில் எளிதாக வெளியே கசியும். ஓடும் லைனில் பார்க்க வேண்டுமென்றால் 1650 நானோமீட்டர் ஃபில்டர் உள்ள ஓடிடிஆர் (ஒளித்துடிப்பை அனுப்பி இழை நெடுக லாஸ் காட்டும் கருவி) வேண்டும்.

புதுஇழை:

நடுவில் ஒரு சந்தேகம். நான் இந்த வேலைக்குப் புதிது. பிரதானக் கேபிளோடு டிராப்பை ஃப்யூஷன் செய்தேன். ஓடிடிஆரில் அந்த இடத்தில் லாஸுக்குப் பதில் 0.2 டிபி ஏறினதாகக் காட்டுகிறது. ஒளி கூடுமா? ஸ்ப்ளைஸ் தப்பா?

மூத்தஇழை:

தப்பில்லை தம்பி, பதற வேண்டாம். பிரதானக் கேபிள் ஜி.652.டி ரக இழை, டிராப் வளைவு தாங்கும் ஜி.657.ஏ2 ரகம். முதலாவதில் ஒளி பரவும் வட்டத்தின் விட்டம் சுமார் 9.2 மைக்ரான், இரண்டாவதில் சுமார் 8.6. சின்ன வட்டம் கொண்ட இழை ஒளியைக் கூடுதலாகத் திருப்பி அனுப்பும். ஓடிடிஆர் திரும்பி வரும் ஒளியை வைத்துத்தான் கணக்குப் போடுகிறது, அதனால் ஏறின மாதிரி காட்டுகிறது. எதிர்முனையிலிருந்து அளந்தால் அதே இடத்தில் லாஸ் கூடுதலாகக் காட்டும். இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் உண்மையான எண். ஒரு பக்கம் மட்டும் அளந்துவிட்டு நல்ல ஸ்ப்ளைஸை வெட்டி மறுபடி போட்ட ஆட்களை நான் பார்த்திருக்கிறேன். பாவம், மூன்று தடவை வெட்டியும் அதே எண்தான் வந்தது.

80 மீட்டர் டிராப்புக்கு ஓடிடிஆரைவிட பவர் மீட்டரை நம்புங்கள். ஓடிடிஆர்தான் வேண்டும் என்றால் மிகக் குறுகிய பல்ஸ், முன்னால் ஒரு லாஞ்ச் ஃபைபர் (அளவுக்காக முனையில் சேர்க்கும் நீள இழை).

தூரக்கம்பம்:

யாரும் முனை போட்டே வரும் டிராப் கேபிளைப் பற்றிப் பேசவில்லையே. ஹார்டன்ட் கனெக்டர் என்பார்கள். வெளிப்புறத்திலேயே நேராகச் செருகித் திருகினால் முடிந்தது. பெட்டியைத் திறக்கவே வேண்டாம், ஸ்ப்ளைசரும் வேண்டாம். கார்னிங்கின் ஆப்டிடேப் இந்த வகையில்தான் வரும். தரத்துக்கு ஜிஆர்-3120 என்று டெல்கார்டியா என்ற தொலைத்தொடர்பு நிறுவனத்தின் தனி விதியே இருக்கிறது. எங்கள் குழு கடைசி விரிவாக்கத்தை முழுக்க இப்படித்தான் செய்தது. ஒரு வீட்டுக்கு நேரம் பாதியாகக் குறைந்தது.

ஆனால் குறைகளையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வாங்கிய பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. நீளம் குறிப்பிட்ட அளவுகளில்தான் வரும். 62 மீட்டர் வீட்டுக்கு 80 மீட்டர் கேபிள் போட்டால் 18 மீட்டர் சுருளாகக் கம்பத்தில் தொங்கும். காற்றில் அது ஆடி ஆடி கட்டு தளர்ந்துவிடும். சுருளை வீட்டுச் சுவர்ப் பக்கம் கொண்டுபோய் வைத்தால் தேவலை. இரண்டாவது, ஒரு நிறுவனத்தின் கனெக்டர் இன்னொன்றின் போர்ட்டில் பெரும்பாலும் உட்காராது. ஒரு தடவை தேர்ந்தெடுத்தால் அதோடு பல வருடம் வாழ வேண்டும். மூன்றாவது, காலியாக இருக்கும் போர்ட்டின் மூடியை யாராவது கழற்றிவிட்டுப் போட மறந்தால் அந்த ஐபி68 அன்றோடு முடிந்தது. நாங்கள் மூடிகளை நூலால் பெட்டியோடு கட்டிவிட்டோம்.

டிராப் அறுந்தால் ஒட்டுப் போடாதீர்கள், முழுசாக மாற்றுங்கள். அதற்கு மாற்றுக் கேபிள் எப்போதும் கையிருப்பில் இருக்க வேண்டும்.

விரைவுக்கை:

> வெயில் படும் பெட்டிக்குள் கூடாது.

ராணி அக்கா, உங்கள் பதிவைப் படித்துவிட்டு என் பழைய இரண்டு இடங்களில் மதியம் போய் அளந்தேன். ஒன்று அசையவே இல்லை. அது கட்டிட நிழலில் இருக்கிறது. இன்னொன்று தெற்குப் பார்த்த கம்பம், 1.8 டிபி வித்தியாசம். அதில் கேபிள் பிடிப்பும் தளர்ந்திருந்தது, கனெக்டரின் வால் திருகை விரலாலேயே சுற்ற முடிந்தது. அதனால் ஜெல்லாலா, பிடிப்பாலா என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் வெளிப் பெட்டிக்கு இனி ஃபாஸ்ட் கனெக்டர் போடமாட்டேன். வீட்டுக்குள் தொடர்ந்து போடுவேன்.

ஏணியில் ஃப்யூஷன் செய்வது பற்றி யாராவது வழி சொல்லுங்கள்.

மூத்தஇழை:

ஏணியில் செய்யவே கூடாது. அதற்குத்தான் உபரிக் கேபிள். குளோஷர் கம்பத்தில் 7 மீட்டர் உயரத்தில் இருந்தால், அதைக் கழற்றித் தரையில் ஒரு மேசை மேல் வைக்கும் அளவுக்குக் கேபிள் சுருளாக இருக்க வேண்டும். 10, 12 மீட்டர் வைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் கேபிளை மிச்சம் பிடித்தால், பிறகு ஒவ்வொரு கோளாறுக்கும் ஏணியில் தொங்கிக்கொண்டு ஸ்ப்ளைஸ் செய்வீர்கள். அப்படிச் செய்த ஸ்ப்ளைஸ்தான் அடுத்த வருடம் மறுபடி உங்களைக் கூப்பிடும். இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயமும்கூட. ஒரு கையில் கிளீவர், இன்னொரு கையில் இழை இருக்கும் ஆள் கம்பத்தை எதால் பிடிப்பார்?

டோமா, படுக்கையா என்ற கேள்விக்கு இப்போது வருகிறேன். கேபிள்கள் எல்லாம் ஒரே முனையில் நுழைவது டோம். கம்பத்தில் நட்டுக்குத்தாக, வாய் கீழே பார்க்க வைத்தால் நீர் வழிந்து போகும். சுருளோடு சேர்த்து இறக்குவதும் எளிது. படுக்கை வகை இரு முனையிலும் கேபிள் நுழையும். கம்பத்துக்கு நடுவே தாங்கு கம்பியில் தொங்கவிட அது பொருத்தம். கம்பத்தில்தான் வைப்பீர்கள் என்றால் டோமே போதும். பிரதானக் கேபிளை வெட்டாமல் நடுவில் திறந்து ஓரிரு இழையை மட்டும் எடுக்க வேண்டுமென்றால் நீள்வட்ட வாய் இருக்கிறதா என்று பாருங்கள். அதன் வழியாகத்தான் வெட்டாத கேபிளை வளைத்து உள்ளே விட முடியும். அந்த வாய்க்கு ஹீட் ஷ்ரிங்க் (சூட்டில் சுருங்கி இறுகும் குழாய்) போடலாம், அதை நீங்கள் மறுபடி திறக்கப்போவதில்லை. டிராப் வாய்களுக்கு மட்டும் திருகு சீல்.

இன்னும் இரண்டு விஷயம், இரண்டுமே இணைப்பைவிட முக்கியம் என்பேன்.

ஒன்று, பிடிப்பு. டிராப் கேபிளின் எடையும் காற்றின் இழுப்பும் மெசஞ்சர் கம்பி வழியாகக் கிளாம்புக்குப் போக வேண்டும். குளோஷரின் கிரோமெட்டுக்கு அதில் பங்கே இருக்கக் கூடாது. கம்பத்தில் கொக்கி, அதில் டிராப் கிளாம்ப், கிளாம்ப் தாண்டிய பிறகுதான் மெசஞ்சரைப் பிரிக்க வேண்டும். பிரிக்கும்போது கத்தியை உறைக்குள் இறக்காதீர்கள். நுனியில் சின்னதாகக் கீறிவிட்டு இரு கையாலும் இழுத்தால் கம்பி தானாகப் பிரியும். பிரிந்த இடத்தில் உறை வெள்ளையாகச் சிராய்த்திருந்தால் அந்தத் துண்டை வெட்டிவிட்டு மறுபடி செய்யுங்கள். அந்தச் சிராய்ப்பில்தான் பிற்பாடு வெயில் வெடிப்பு விடும்.

இரண்டு, தொங்கல் வளையம். கிளாம்பிலிருந்து வரும் கேபிள் குளோஷர் வாயைவிடக் கீழே ஒரு வளைவாக இறங்கி, மறுபடி மேலேறி நுழைய வேண்டும். கேபிளில் ஓடி வரும் நீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும். வீட்டுப் பக்கமும் இதேதான். சுவர் ஓட்டை உள்ளிருந்து வெளிப்பக்கம் சாய்வாக இருக்க வேண்டும். வளைவை மட்டும் ரொம்பச் சின்னதாக்கிவிடாதீர்கள். ஜி.657 இழையில் ஏ2 ரகம் 7.5 மில்லிமீட்டர் ஆரம் வரை தாங்கும், ஏ1 10 மில்லிமீட்டர் வரை. ஆனால் அது இழைக்கான கணக்கு. கேபிள் வெளியே தொங்கும் இடத்தில் கை அகலத்துக்குக் குறையாமல் விடுங்கள்.

மெசஞ்சர் எஃகு என்று சொன்னீர்கள். அதே கம்பத்தில் மின்கம்பி ஓடுகிறதா? ஓடினால் புது வேலைக்கு உலோகமே இல்லாத டிராப் எடுங்கள், எஃகுக்குப் பதில் எஃப்ஆர்பி (இழை வலுவூட்டிய பிளாஸ்டிக்). ஏற்கெனவே போட்டதில் எஃகுக் கம்பி வீட்டுக்குள் நுழையாமல் வெளிக் கொக்கியிலேயே வெட்டப்பட்டிருக்கிறதா என்று ஒவ்வொரு வீடாகப் பாருங்கள். முடிந்தால் இந்த வாரமே.

ஸ்ப்ளைசர்_ராணி:

கடைசிப் பத்தியை எல்லோரும் இரண்டு தடவை படியுங்கள். மழைக் கோளாறைக்கூடப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், இதைத் தள்ளிப்போடக் கூடாது.

கம்பத்தடி:

44 வீட்டையும் இந்த வாரம் நடந்து பார்த்துவிட்டோம். மூன்று வீட்டில் எஃகுக் கம்பி ஜன்னல் வரை போயிருந்தது. வெட்டியாகிவிட்டது. சொன்னதற்கு நன்றி அண்ணா, அதை நாங்கள் யோசித்ததே இல்லை.

எங்கள் திட்டம் இப்படி. குளோஷருக்குள் பிரதானக் கேபிளும் ஸ்ப்ளிட்டரின் நுழைவு இழையும் மட்டும் ஃப்யூஷன். ஸ்ப்ளிட்டரையே தனியாக 8 போர்ட் பெட்டிக்கு மாற்றி, அதில் அடாப்டர். குளோஷரிலிருந்து பெட்டிக்கு ஒரே ஒரு உருண்டைக் கேபிள். டிராப் முனையில் பிக்டெயிலைத் தரையில் வைத்தே ஃப்யூஷன் செய்து, கனெக்டரோடு மேலே கொண்டுபோய்ச் செருகுவோம். ஹார்டன்ட் வகையை இப்போதைக்கு விட்டுவிட்டோம், வீட்டுத் தூரங்கள் ரொம்பக் கலந்திருக்கின்றன. இதில் ஏதாவது தப்பு இருக்கிறதா?

ஸ்ப்ளைசர்_ராணி:

நல்ல திட்டம். ஒரு திருத்தம். டிராப் முனையில் பிக்டெயில் ஃப்யூஷன் செய்தால் ஒட்டின் மேல் போடும் அந்த ஸ்லீவை எங்கே வைப்பீர்கள்? 60 மில்லிமீட்டர் ஸ்லீவ் பெட்டிக்குள் அந்தரத்தில் தொங்கக் கூடாது. பெட்டியில் ட்ரே இருக்க வேண்டும், அல்லது ஸ்ப்ளைஸ்-ஆன் கனெக்டர் எடுங்கள். அதில் ஃப்யூஷன் கனெக்டரின் வாலுக்குள்ளேயே அடங்கிவிடும், தனி ட்ரே வேண்டாம். ஹோல்டர் உங்கள் ஸ்ப்ளைசருக்குப் பொருந்துகிறதா என்று முதலில் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

ஸ்லீவைப் பற்றி ஒன்று. ஹீட்டர் முடிந்ததும் சூடாக இருக்கும்போதே எடுத்து ட்ரேயில் அழுத்தாதீர்கள். உள்ளே பசை இன்னும் இறுகியிருக்காது, இழை வளைந்த நிலையிலேயே உறைந்துவிடும். அரை நிமிடம் காற்றில் வையுங்கள். நான் எப்போதும் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, உள்ளே குமிழ் இருக்கிறதா, எஃகு ஊசிக்கு இணையாக இழை நேராக ஓடுகிறதா என்று பார்த்த பிறகுதான் வைப்பேன்.

அப்புறம் செருகுவதற்கு முன் ஒவ்வொரு முகத்தையும் கிளிக் கிளீனரால் துடைத்து ஸ்கோப்பில் பாருங்கள், புதிதாக உறையிலிருந்து எடுத்ததாக இருந்தாலும். அடாப்டருக்குள் இருக்கும் எதிர்முகத்தையும் துடைக்க வேண்டும். பலர் அதை விட்டுவிடுகிறார்கள்.

தூரக்கம்பம்:

ஒரு தகவல். வாய்களில் பயன்படாதவற்றுக்குத் தரும் அடைப்பானைக் கட்டாயம் போடுங்கள். நீருக்காக மட்டுமல்ல, எறும்புக்காகவும். முழுப் புற்றும் முட்டையுமாக ஒரு குளோஷரை நான் திறந்திருக்கிறேன். அணில் கடித்த டிராப்பும் நிறையப் பார்த்தாயிற்று. ஜப்பானில் ஒரு வகைச் சிள்வண்டு முட்டையிடும் ஊசியை டிராப் கேபிள் உறைக்குள் இறக்கி இழையையே துண்டித்ததால், அதற்கென்று உறையை மாற்றி வடிவமைத்த கேபிள்கள் வந்தன. மெல்லிய தட்டைக் கேபிளை வெளியே தொங்கவிடும்போது இதெல்லாம் கணக்கில் வர வேண்டும்.

கம்பத்தடி:

மழைக்காலம் முடிந்து எழுதுகிறேன். ஆறு குளோஷரில் ஐந்தை மேலே சொன்ன திட்டப்படி மாற்றிவிட்டோம். ஆறாவதற்குப் பெட்டி வந்து சேரத் தாமதமானதால் கிரோமெட்டை மட்டும் தட்டைப் பிளவுக்கு மாற்றினோம். உள்ளே பழைய மெக்கானிக்கல் ஸ்ப்ளைஸ் அப்படியே இருந்தது.

ஐந்து இடத்தில் ஒரு வீட்டிலும் அரை டிபிக்கு மேல் அசையவில்லை. புது இணைப்பு கொடுக்கும்போது பக்கத்து லைன் போவது அறவே நின்றுவிட்டது, ஏனென்றால் குளோஷரை யாரும் தொடுவதே இல்லை. ஆறாவதிலும் மழையில் லெவல் இறங்கவில்லை! அதை எதிர்பார்க்கவில்லை. வெறும் கிரோமெட் மாற்றியதற்கே. ஆனால் அங்கே இரண்டு வீடுகளில் மதியத்தில் 1 டிபி வரை ஆடுகிறது, ராணி அக்கா சொன்ன மாதிரியே.

சென்ற வாரம் முதல் குளோஷரைத் தரையில் இறக்கித் திறந்து பார்த்தோம். ட்ரேயின் அடியில் வெள்ளைக் காகிதத் துண்டு ஒன்றை மடித்து வைத்திருந்தேன், ஈரம் பட்டால் கறை தெரியட்டும் என்று. வைத்தபடி மொடமொடவென்று இருந்தது.

ஒரு கேள்வி மட்டும். திறந்த பிறகு குளோஷர் மூடியின் ஓ வளையத்தைப் (ரப்பர் சீல்) புதிதாக மாற்ற வேண்டுமா, பழையதையே துடைத்துப் போடலாமா?

மூத்தஇழை:

தட்டையாகிப் போயிருக்கிறதா, விரலால் ஓட்டிப் பார்த்தால் எங்காவது கீறல் தட்டுகிறதா என்று பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் பஞ்சில்லாத துணியால் வளையத்தையும் அது உட்காரும் பள்ளத்தையும் துடைத்து, லேசாக சிலிகான் கிரீஸ் தடவிப் போடலாம். மணல் ஒரு துகள் இருந்தாலும் நீர் அங்கேதான் நுழையும். சந்தேகம் வந்தால் புதிது போடுங்கள், ஒவ்வொரு குளோஷருக்கும் ஒரு மாற்று வளையத்தை ட்ரேக்கு அடியிலேயே பையில் போட்டு வைத்துவிடுங்கள்.

அந்தக் காகிதத் துண்டு யோசனையை நானும் எடுத்துக்கொள்கிறேன், தம்பி. ஆறாவது பெட்டி வந்ததும் எழுதுங்கள்.